அகழித் தண்ணி எங்க போவும்? வேலூர் பக்கத்து மழை, வெயில், பழைய கல்லு, அதைச் சுத்தி இருக்குற ஜனங்க

2021 நவம்பர் மழைய வேலூர்க்காரங்க யாரும் அவ்ளோ சீக்கிரம் மறக்க மாட்டாங்க. அந்த மாசம் தான் கோட்டை அகழி ரொம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ள தண்ணி பூந்துச்சு, மோட்டார் வச்சு ஒரு பக்கம் எறச்சினே இருந்தாங்க, இன்னொரு பக்கம் ஊறினே இருந்தது. டிவியில பேப்பர்ல எல்லாம் "வரலாறு காணாத மழை"ன்னு போட்டாங்க. மழை பெருசு தான், இல்லன்னு சொல்லல. ஆனா கோயில் முழுகினதுக்கு மழைய மட்டும் குத்தம் சொல்லிட்டு போயிட முடியாது. அகழியில மிச்சமாற தண்ணி வெளியேறி பாலாத்துக்குப் போறதுக்குன்னு பழைய காலத்துலயே ஒரு கால்வாய் இருந்திருக்கு, அது அடைஞ்சு போய், எந்த வழியா போவுதுன்னே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நெலமை வந்துச்சு. இத்தனைக்கும் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி தான் ஸ்மார்ட் சிட்டி பணத்துல அகழிய தூர் வாரி அழகுபடுத்தற வேலை நடந்துச்சு. அகழிய ஆழப்படுத்தினோம், அதோட வாயப் பத்தி யாரும் கவலைப்படல.

இந்த ஒரு விஷயத்தப் புடிச்சுனு தான் இந்த கட்டுரை முழுக்க பேசப் போறேன். பாரம்பரியத்த காப்பாத்தணும்னு சொன்னா உடனே நமக்கு கல்லு, சிலை, கோபுரம் தான் கண்ணு முன்னாடி வருது, அதுக்கு வேலி போடுறது, நீல கலர் போர்டு வைக்கிறது, டிக்கெட் கவுன்டர் வைக்கிறது. ஆனா வட ஆற்காட்டு பக்கம், அதாவது வேலூர சுத்தி இருந்த பழைய ஜில்லாவுல, பழைய கட்டடங்கள்ல முக்கால்வாசி தண்ணிய நம்பி, தண்ணிக்கு வழி விட்டு, தண்ணிக்கு பக்கத்துல கட்டினது. தண்ணி வழிய கெடுத்துட்டு கல்ல மட்டும் காப்பாத்தவே முடியாது. அந்த வழிய காலங்காலமா பாத்துனு இருந்த ஜனங்கள விட்டுட்டும் காப்பாத்த முடியாது.

மொதல்ல கோட்டையையே எடுத்துக்குவோம். 16-ஆம் நூத்தாண்டுல, விஜயநகர காலத்து நாயக்கர்கள் கட்டினது, சின்ன பொம்மி நாயக்கர் பேர் தான் எல்லாரும் சொல்லுவாங்க. 133 ஏக்கர், சுத்தி அகழி. அந்த அகழியில முதலை விட்டு வச்சிருந்தாங்கன்ற கதைய சின்ன வயசுல கேக்காத வேலூர்காரன் இருக்க மாட்டான். எதிரி உள்ள வரக்கூடாதுன்னு அகழி வெட்டினாங்கன்னு ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்குறாங்க, சரி தான், ஆனா கோட்டைக்குக் கெழக்கால இருக்குற மலைய ஒரு தடவை நிமிந்து பாருங்க, மொட்டைப் பாறை. மழை பேஞ்சா அந்தப் பாறையில ஒரு சொட்டு நிக்காது, அப்படியே வழிஞ்சு கீழ வரும். அந்தத் தண்ணிய வாங்கி வச்சு, ஊர் கெணறுங்களுக்கு ஊற வச்சு, மிச்சத்த ஆத்துக்கு அனுப்பறது தான் அகழி தினமும் பாத்த வேலை. சண்டை எப்பவோ ஒரு தடவை வரும், மழை வருஷா வருஷம் வரும் இல்லையா.

மலைக்கும் அகழிக்கும் நடுவுல இன்னிக்கு ஒரு டவுனே இருக்கு. ரோடு, கடை, லாட்ஜு, ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க தங்கற ரூம்ங்க. வேலூர்ல சூரியகுளம்னு ஒரு குளம் இருந்துச்சு, அகழிக்குத் தண்ணி குடுத்த குளம்னு சொல்லுவாங்க, அதோட இப்போதைய நெலமைய நேர்ல போய்ப் பாத்தாலே புரியும். மேல இருந்து வர்ற வழி சுருங்கிடுச்சு, கீழ போற வழி அடைஞ்சுடுச்சு, நடுவுல அகழி மட்டும் பளபளன்னு. அப்போ தண்ணி என்ன பண்ணும், அதுக்குத் தெரிஞ்ச பள்ளம் கோயில் பிரகாரம் தான், அங்க போய் உக்காந்துச்சு.

அந்தக் கோயிலுக்குள்ள போறவங்க நேரா சாமி பாத்துட்டு வந்துடாதீங்க, இடது பக்கம் கல்யாண மண்டபம் இருக்கு, உள்ள போய் அண்ணாந்து பாருங்க. கூரைக் கல்லுல நடுவுல தாமரை, அதைச் சுத்தி கிளிங்க தலகீழா தொங்கினு பூவ கொத்தற மாதிரி செதுக்கி இருக்காங்க. தூண்ல யாளி, குதிரை, ஒவ்வொண்ணும் ஒத்தக் கல்லு. ஆபத்து எப்படி வரும்னா, வெள்ளம் வந்து தூண அடிச்சுனு போயிடாது, கருங்கல்லு அது. ஆனா தண்ணி வாரக்கணக்கா அஸ்திவாரத்துல தேங்கினா அடியில மண்ணு இளகும், ஒரு பக்கம் இறங்கும், மேல இருக்குற கல்லுங்க ஒண்ணுக்கொண்ணு தாங்கினு நிக்கிறது தானே, ஒண்ணு அரை இன்ச் நகந்தாலும் கூரையில கோடு விழும். அப்புறம் தண்ணி வத்தும்போது அதுல கரைஞ்சிருக்குற உப்பு கல்லோட மேல்தோல்ல வந்து படியும், படிகமாவும்போது உப்பிக்கினு செதுக்கல் வேலைய செதில் செதிலா உரிச்சு எடுத்துடும். இதெல்லாம் ஒரே வருஷத்துல கண்ணுக்குத் தெரியாது. அதனால தான் யாரும் கத்த மாட்டாங்க.

இப்போ கிளைமேட் சேஞ்ச் இதுல எங்க வருதுன்னா, காத்து ஒரு டிகிரி சூடானா அது கூடுதலா ஏறக்குறைய 7 சதவீதம் ஈரத்த தாங்கும், இது இயற்பியல் கணக்கு, இதுல கட்சி சண்டைக்கு எடமில்ல. தாங்கின ஈரத்த என்னிக்காவது கொட்டித் தானே ஆவணும், அதனால மழை பேயற நாளு கொறைஞ்சு, பேஞ்சா பேய் மழையா பேயுது. நம்ம பக்கம் மொத்தமா பேயற அளவு பெருசா மாறலன்னு வச்சுக்கினாலும், பத்து நாள்ல வர்ற தண்ணி ரெண்டு நாள்ல வந்தா வாய்க்கா தாங்காது. மிச்ச நாளெல்லாம் வெயில். மே மாசத்துல 42, 43 டிகிரிலாம் வேலூருக்கு பழகிப் போச்சு. பகல்ல கல்லு சூடேறி விரியுது, திடீர்னு ஒரு கோடை மழை கொட்டினா சடார்னு சுருங்குது. கோட்டை மதில் சந்துல மொளச்ச அரசங்கன்னு இந்த விரிசல்ல தான் வேர விடும். அந்தக் கன்ன மேலாக வெட்டி விட்டுட்டுப் போனா இன்னும் தடியா மொளைக்கும், வேரோட எடுக்கணும், எடுத்த எடத்த சுண்ணாம்பு சாந்து வச்சு அடைக்கணும். சிமென்ட் வச்சு அடைக்கிறாங்க சில கோயில்கள்ல, அது தான் வயித்தெரிச்சல். சுண்ணாம்பு ஈரத்த உள்ள வாங்கி வெளிய விடும், சிமென்ட் ஈரத்த உள்ளயே பூட்டி வச்சுடும், வெளிய பாத்தா ஜம்முனு இருக்கும் உள்ள கல்லு செங்கல்லு எல்லாம் நமத்துப் போயினு இருக்கும். கடுக்காய், வெல்லம் ஊற வச்ச தண்ணிய ஊத்தி சுண்ணாம்ப அரைச்சு பூசற கொத்தனாருங்க கொஞ்சம் பேர் தான் மிச்சம், அவங்க பசங்க யாரும் இந்த வேலைக்கு வரல. கட்டடத்த காப்பாத்த ஃபண்ட் ஒதுக்குற நாம இந்தக் கைய காப்பாத்த என்ன ஒதுக்கறோம்னு கேட்டா பதில் வராது.

சரி, பாலாறு. நந்தி மலையில பொறந்து 348 கிலோமீட்டர் ஓடி வயலூர் பக்கத்துல கடல்ல சேர்ற ஆறு, அதுல 222 கிலோமீட்டர் நம்ம தமிழ்நாட்டுல தான். ரொம்ப வருஷமா தண்ணியில்லாம கெடந்ததால ஜனங்களுக்கு அது ஆறுன்றதே மறந்து போச்சு, மணல் அள்ளற எடம், குப்பை கொட்ற எடம், தோல் ஷெட்டு தண்ணி விடற எடம். தோல் கழிவு பிரச்சனையில 1996-ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு இந்தியாவுலயே சுற்றுச்சூழல் சட்டத்துக்கு ஒரு மைல்கல், வேலூர் மக்கள் போட்ட வழக்கு அது, கெடுத்தவன் தான் காசு கட்டணும்ன்ற கொள்கை அதுல தான் உறுதியாச்சு. ஆனா ராணிப்பேட்டையில மூடின குரோமேட் ரசாயன ஆலையோட கழிவு மண்ணு லட்சம் டன்னுக்கு மேல மலையாட்டம் கெடந்தது, மழை பேஞ்சா மஞ்சளா வழிஞ்சு வர்றதுக்கு எந்தத் தீர்ப்பும் அணை போடல. அதனால பெருமழைன்னா இங்க வெறும் தண்ணி வர்றதில்ல, எந்தத் தண்ணின்னும் பாக்கணும்.

பாலாறு செத்துப் போச்சுன்னு நெனச்சவங்களுக்கு 2021 நவம்பர்ல அது பதில் சொல்லுச்சு. ரெண்டு கரையும் தொட்டுனு ஓடுச்சு. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் அடிச்சுனு போச்சு. அடுத்த மாசம் திருவலம் பக்கத்துல பொன்னையாத்து ரயில் பாலத்துல விரிசல் கண்டு ரயிலுங்க ரத்தாச்சு. "நூறு வருஷத்துல இப்படி பாத்ததில்ல"ன்னு பெருசுங்க சொன்னாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி பாத்திருக்காங்களே! 1903 நவம்பர்ல கர்நாடகா பக்கம் ஏரி ஒடைஞ்சு பாலாத்துல வந்த வெள்ளத்துல வாணியம்பாடியில ஏறக்குறைய 200 பேர் செத்தாங்க, அதுக்கு ஊர்ல நினைவுத் தூண் நிக்குது, வருஷா வருஷம் நவம்பர்ல அஞ்சலி செலுத்தறாங்க. என்னக் கேட்டா வாணியம்பாடியில பாதுகாக்க வேண்டிய முக்கியமான நினைவுச்சின்னம் அந்தத் தூண் தான், ஏன்னா அது தண்ணி எவ்ளோ தூரம் வரும்னு ஊருக்கு சொல்ற சாட்சி. அதுக்கும் ஆத்துக்கும் நடுவுல இப்போ எத்தனை வீடு இருக்குன்னு எண்ணிப் பாத்தா திக்குனு இருக்கும்.

விரிஞ்சிபுரம்னு சொன்னதும் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதில் ஞாபகம் வரும், "விரிஞ்சிபுரம் மதிலழகு"ன்னு பழமொழியே உண்டு. ஆனா மதில விட எனக்குப் புடிச்சது உள்ள இருக்குற ஒரு சின்ன கல்லு. பாதி நிலா வடிவத்துல, ஒரு பக்கம் 1-லேர்ந்து 6 வரைக்கும் இன்னொரு பக்கம் 6-லேர்ந்து 12 வரைக்கும் எண் வெட்டி, நடுவுல குச்சி வச்சா நெழல் எந்த எண்ணுல விழுதோ அது தான் மணி. இந்த மாதிரி கல்லுக்கு கூரை கிடையாது, கூரை போட்டா நெழல் விழாது. மழையில நனஞ்சு, வெயில்ல காஞ்சு தான் அது வேலை செய்யணும். காத்துல ஆசிட் தன்மை ஏற ஏற, கையால தொட்டு தொட்டுத் தேய்ஞ்ச கோடு இன்னும் மங்கும். வெட்டவெளியில நிக்கிற எல்லா கல்லுக்கும் இதே கதி தான். குறிப்பா நடுகல்லுங்க, செத்த வீரனுக்கு நட்டு வைக்கிற நினைவுக் கல்லுங்க. செங்கம், தண்டராம்பட்டு, ஆம்பூர் பக்கமெல்லாம் பல்லவர் காலத்து நடுகல்லு கொல்லையில, ஏரிக்கரையில, வேப்பமரத்தடியில நிக்குது. எடுத்தனூர்ல ஒண்ணு இருக்கு, பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்துது, எருமைங்கள காக்கப் போய் செத்த வீரனுக்கு வச்ச கல்லு, பக்கத்துலயே அவனோட நாயையும் செதுக்கி, கோவிவன்ன்ற நாய் ரெண்டு கள்ளன கடிச்சு காவல் காத்ததுன்னு எழுதி வச்சிருக்காங்க. 1400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாயோட பேர் நமக்குத் தெரியுதுன்னா அது அந்த ஊர்க்காரங்க அந்தக் கல்ல வேடியப்பன்னு, சாமின்னு கும்பிட்டு பொங்க வச்சு பாத்துக்கினதால தான். இந்த மாதிரி கல்லுங்க எத்தனையோ வெறும் வயக்காட்டுல நிக்குது, போர்டு கிடையாது வாட்ச்மேன் கிடையாது.

ஏரிங்கள பத்தி பேசாம வட ஆற்காட பத்தி பேசவே முடியாது. நெமிலி பக்கத்துல மகேந்திரவாடின்னு ஒரு ஊரு. ஒரு தனி பாறைய குடைஞ்சு மகேந்திரவர்மன் பெருமாளுக்கு ஒரு கோயில் எடுத்திருக்கான், சின்னது தான், பத்து நிமிஷத்துல பாத்துடலாம். அங்க இருக்குற கல்வெட்டு என்ன சொல்லுதுன்னா, மகேந்திரபுரம்ன்ற ஊர்ல மகேந்திர தடாகத்தோட கரையில மகேந்திர விஷ்ணு கிருகம்னு இந்தக் கோயிலப் பாறைய பொளந்து குணபரன் எடுத்தான்னு, குணபரன்றது மகேந்திரவர்மனோட பட்டப்பேர் தான். கவனிச்சீங்கன்னா கோயிலோட அட்ரஸே ஏரி தான். அந்த ஏரி இன்னிக்கும் இருக்கு. கோயில மத்திய தொல்லியல் துறை பாக்குது, வேலி போட்டு புல்லு வளத்து நல்லா தான் வச்சிருக்காங்க. ஏரிய நீர்வளத் துறை பாக்குது. கோயில் புராதனச் சின்னம், அதே ராஜா அதே பேர்ல வெட்டின ஏரி வெறும் பாசன ஏரி. இந்தப் பாகப்பிரிவினைய யார் பண்ணது?

பாலாத்துல வாலாஜா கிட்ட வெள்ளைக்காரன் காலத்துல கட்டின அணைக்கட்டு இருக்கு, அதுலேர்ந்து மகேந்திரவாடி கால்வா, காவேரிப்பாக்கம் கால்வா, சக்கரமல்லூர் கால்வா, தூசி கால்வான்னு பிரிஞ்சு ஏரி ஏரியா தண்ணி போவும். ஒரு ஏரி ரொம்பினா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்கு, அது ரொம்பினா அதுக்கு அடுத்தது. இந்த சங்கிலி தான் நம்ம பக்கத்து வெள்ளத் தடுப்பும், பஞ்சத் தடுப்பும். பல்லவர் சோழர் கல்வெட்டுகள்ல ஏரிப்பட்டின்னு வரும், ஏரிய தூர் வாரி கரை கட்டறதுக்குன்னே எழுதி வச்ச நெலம், அந்த நெலத்து வருமானம் வேற எதுக்கும் போகக்கூடாது. அப்புறம் ஊர்க்காரங்களே சேந்து ஏரிய செப்பனிடற குடிமராமத்து, வயலுக்குத் தண்ணி பாய்ச்சற நீர்கட்டி, மதகு தொறக்கறவரு, வெள்ளம் வந்தா தண்டோரா போடறவரு. அந்தக் கால ஏற்பாடு ரொம்ப யோக்கியமானதுன்னு நான் பாட்டு பாட வரல, நெறைய ஊர்ல நீர்கட்டி வேலைய ஒரே சாதிக்காரங்க தலையில கட்டி, கூலியா கொஞ்சம் நெல்லு அளந்துட்டு ஏரித் தண்ணிய மட்டும் மேல்தெருக்காரங்க அனுபவிச்சாங்க. அது ஒழிஞ்சது நல்லது தான். ஆனா அந்த வேலைக்கு பதிலா சம்பளத்தோட, மரியாதையோட யாரையும் வைக்கல. ராத்திரி ரெண்டு மணிக்கு கலங்கல் அடைஞ்சா யார் போய் எடுக்கறது? ஆள் இல்ல.

2021-ல அதே நவம்பர் 19-ஆம் தேதி பேரணாம்பட்டுல மழையில ஊறின வீட்டுச் சுவரு இடிஞ்சு விழுந்து 9 பேர் செத்துப் போனாங்க, அதுல 4 குழந்தைங்க. கோட்டைக்குள்ள தண்ணி பூந்த அதே மழை. ஒண்ணு வரலாற்று செய்தி, இன்னொண்ணு விபத்து செய்தின்னு பேப்பர்ல தனித்தனி பக்கத்துல வந்துச்சு. அந்தக் காலத்துல மண்ணு சுவருக்கு மேல ஓல வேஞ்சு, சுவரு நனையாம தாழ்வாரம் நல்லா வெளிய நீட்டி விடுவாங்க, வருஷா வருஷம் பூசுவாங்க. இப்போ பாதி பழசு பாதி புதுசா, பழைய சுவரு மேல கான்கிரீட்டு, தாழ்வாரம் கிடையாது, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சாண் சந்து, அதுல மழைத் தண்ணி.

குடியாத்தம் இன்னும் சிக்கல். கவுண்டன்ய மகாநதி ஊர் நடுவுல ஓடுது, மேல மோர்தானா அணை. வைகாசி 1-ஆம் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா, போனவங்களுக்குத் தெரியும், லட்சக்கணக்குல கூட்டம். அம்மனோட சிரச முத்தியாலம்மன் கோயில்லேர்ந்து தூக்கினு வருவாங்க, வழி நெடுக தேங்கா ஒடைப்பாங்க, மாலை மாலையா போடுவாங்க, கோபாலபுரம் கோயில்ல சிரச உடம்போட பொருத்தி கண் தொறப்பாங்க, ராத்திரி வாணவேடிக்கை. இதுக்கெல்லாம் எடம் எது? ஆத்துப் படுகையும் அதோட ரெண்டு கரையும் தான். ராட்டினம், பொரிக்கடை, வளையல் கடை எல்லாம் காஞ்ச ஆத்து மேல. அதாவது ஊருக்கே ஆறுன்றது கோடையில திருவிழா மைதானம், கார்த்திகையில வெள்ளம். இந்த ரெண்டுக்கும் எடம் விட்டு தான் ஊர் இருந்துச்சு. 2021 வெள்ளத்துக்கு அப்புறம் கரையில இருந்த வீடுகள ஆக்கிரமிப்புன்னு எடுத்தாங்க. ஆத்துக்கு எடம் விடணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா அங்க இருந்தவங்க யாரு? தறி ஓட்டறவங்க, பீடி சுத்தறவங்க, தீப்பெட்டி ஒட்டறவங்க, திருவிழாவுக்கு உழைக்கிற ஜனமும் அவங்க தான். அவங்கள ஊருக்கு வெளிய பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பட்டா குடுத்து விட்டா, வேலைக்கு வர பஸ் இல்ல, சாயங்காலம் தறி குழிக்குள்ள உக்கார ஆள் இல்ல.

தறின்னதும் ஒரு விஷயம். குடியாத்தம், ஆரணி பக்கம் குழித்தறி இருக்குற வீடுகள்ல மழைக்காலம்னா அந்தக் குழிக்குள்ள தண்ணி ஊறும். கால் மிதிக்கிற பலகை தண்ணியில மெதக்கும், பாவு ஈரத்துல தொய்ஞ்சு போவும், பட்டு இழை நமத்தா அடிக்க அடிக்க அறுந்து போவும். தறி ஓடலன்னா அன்னிக்கு கூலி கிடையாது, குழி காயற வரைக்கும் முதலாளி கிட்ட அட்வான்ஸ் வாங்கி தான் சாப்பிடணும், அட்வான்ஸ் வாங்க வாங்க கடன் ஏறும். ஆரணி பட்டுக்கு புவிசார் குறியீடு இருக்கு, அந்த சீலு சேலைக்குத் தான், குழிக்கு இல்ல. தரைய ரெண்டு அடி ஒசத்தி தறி போட மானியம் குடுத்தா அது தான் என் கணக்குல பாரம்பரிய பாதுகாப்பு.

இதே கதை செய்யாறு பக்கம் ஜடேரியில வேற மாதிரி. நாமக்கட்டி செய்யற ஊரு, 2023-ல புவிசார் குறியீடு கெடச்சுது. தென்பூண்டிப்பட்டுலேர்ந்து மண்ணு எடுத்துனு வருவாங்க, ஊற வச்சு, மாடு பூட்டின கல்லு செக்குல அரைச்சு, தண்ணியில கரைச்சு தொட்டி தொட்டியா தெளிய விட்டு, மேல வர்ற வெண்ணெயாட்டம் இருக்குற களிய எடுத்து காய வச்சு, கையால உருட்டி தட்டி மறுபடியும் வெயில்ல காய வைப்பாங்க. எல்லாமே வெயில நம்பி. கணிக்க முடியாத மழை வந்தா பரப்பி வச்சது பூரா கரைஞ்சு போவும், ஈரத்தோட கட்டினா வெடிக்கும். முன்னாடி "ஐப்பசியில வேலை வேணாம், தையில பாத்துக்கலாம்"னு ஒரு கணக்கு இருந்துச்சு, இப்போ மாசி பங்குனியில கூட மழை வந்து நிக்குது. ஊருக்குப் பொதுவா ஒரு பெரிய காய வைக்கிற ஷெட்டு, வெளிச்சம் வர்ற கூரை போட்டு கட்டிக் குடுத்தா போதும், பெரிய ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்ல.

கூத்துக்காரங்க நெலமைய யாரும் இந்தக் கணக்குல சேக்கறதே இல்ல. பங்குனி சித்திரையில ஆரம்பிச்சு ஆனி வரைக்கும் திரௌபதை அம்மன் கோயில்கள்ல பாரதம், பகல்ல பந்தல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து, கடைசி நாள் படுகளம், மண்ணுல பெருசா துரியோதனன் செஞ்சு படுக்க வச்சு. கல்யாண முருங்கை கட்டையில செஞ்ச கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாம் கட்டினு, மூஞ்சி பூரா வேஷம் போட்டுனு எட்டு மணி நேரம் ஆடணும். முன்னாடி ராத்திரி பன்னெண்டுக்கு மேல காத்து கொஞ்சம் ஜில்லுனு வீசும், இப்போ ராத்திரியும் சூடு எறங்கறதில்ல, சிமென்ட் ரோடு, டின் ஷெட்டு எல்லாம் பகல் சூட்ட வச்சுனு ராத்திரி கக்குது. பிரசங்கத்துக்கு மதியம் ரெண்டு மணிக்கு வர்ற கெழவிங்க கூட்டம் தான் கதைய ஞாபகம் வச்சு பேரப்பசங்களுக்கு சொல்றவங்க, அவங்களுக்குத் தான் வெயில் மொதல்ல அடிக்குது. நேரத்த மாத்தினா பழக்கம் போச்சேன்னு சண்டை வரும், மாத்தலன்னா ஆள் விழும். இத ஊர் ஊரா பேசி முடிவு பண்ற விஷயம், கலெக்டர் ஆபீஸ்ல உக்காந்து சர்க்குலர் போட முடியாது.

2024 டிசம்பர்ல திருவண்ணாமலையில நடந்தது இது எல்லாத்தையும் ஒரே எடத்துல காட்டிடுச்சு. 1989 வரைக்கும் அதுவும் வட ஆற்காடு தானே. ஃபெஞ்சல் புயல் மழையில டிசம்பர் 1-ஆம் தேதி மலைலேர்ந்து பாறையும் மண்ணும் சரிஞ்சு வ.உ.சி. நகர்ல வீடு மேல விழுந்து 7 பேர் செத்தாங்க, அதுல 5 குழந்தைங்க. ரெண்டு வாரம் கூட ஆகல, 13-ஆம் தேதி மகா தீபம். 2,668 அடி மலை மேல ஏறி தீபம் பாக்கறது எத்தனையோ தலைமுறை வழக்கம், அந்த வருஷம் மலை மண்ணு ஊறிக் கெடக்குன்னு வல்லுநர்கள வச்சு பாத்துட்டு ஜனங்கள ஏற விடல, தீபம் ஏத்தறவங்க, கொப்பரை, நெய் தூக்கறவங்க மட்டும் போனாங்க. சிலர் திட்டினாங்க. என் பார்வையில அது தான் சரியான முடிவு, வழக்கமும் விட்டுப் போகல, உயிரும் போகல. ஆனா ஏறறத தடுத்தாச்சு, அடிவாரத்துல இருக்குறவங்கள? அங்க வீடு கட்டினவங்க பெரிய பணக்காரங்க இல்ல, கிரிவலமும் கோயிலும் வளர வளர டவுனுக்குள்ள வாடகை குடுக்க முடியாம மலைய ஒட்டி ஒதுங்கினவங்க நெறைய பேர்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா பாத்துடலாம். 1958 சட்டம், 2010-ல திருத்தினது, மத்திய தொல்லியல் துறை சின்னத்தச் சுத்தி 100 மீட்டர் கட்டடம் கட்டத் தடை, அதுக்கு மேல 200 மீட்டர் அனுமதி வாங்கிக் கட்டணும். அளவு எல்லாம் மீட்டர் கணக்குல, வட்டமா. ஆனா தண்ணி வட்டமா வர்றதில்ல, ரெண்டு கிலோமீட்டர் தாண்டி மலைலேர்ந்து ஒரு வாய்க்காலா வருது. அந்த வாய்க்கால்ல மூணாவது கிலோமீட்டர்ல ஒருத்தன் ஷட்டர் போட்டு கடை கட்டினா சட்டத்துக்குத் தெரியாது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-ல பாரம்பரிய இடங்களுக்குன்னே தனி வழிகாட்டுதல் போட்டுச்சு, ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே கணக்கெடு, சுத்தி இருக்குற ஜனங்கள சேத்துக்கன்னு அதுல இருக்கு. காகிதத்துல நல்லா தான் இருக்கு. நடைமுறையில கோட்டை ஒரு துறை, கால்வா மாநகராட்சி, ஆறு நீர்வளத் துறை, மலை வனத் துறை, ஏரிக்கரை ரோடு நெடுஞ்சாலைத் துறை. மழை இந்த அஞ்சு ஆபீஸையும் ஒரே ராத்திரியில தாண்டி வந்துடும், ஃபைல் தாண்டி வர ஆறு மாசம்.

நல்லது நடக்கலன்னும் சொல்ல முடியாது. நாகநதி பக்கம் கிராமத்துப் பொம்பளைங்க நூறு நாள் வேலையில உறை இறக்கி மீள்நிரப்பு கெணறும் கல்லு தடுப்பும் கட்டி, வறண்டு கெடந்த நதியில தண்ணி வர வச்சாங்க. அதுல எனக்குப் புடிச்சது என்னன்னா மேல மலையில ஓடற தண்ணிய மெதுவா நடக்க வச்சா, மழைக்காலத்துல கீழ வெள்ளமும் கொறையும், கோடையில கெணத்துலயும் தண்ணி இருக்கும். கோட்டைக்குக் கெழக்கால இருக்குற மொட்டை மலையிலயும் இதையே பண்ணலாம்.

உங்க ஊர்ல கோயிலோ, நடுகல்லோ, பழைய சத்திரமோ இருந்தா மொதல்ல அதோட தண்ணி வழிய தேடுங்க. வருவாய்த் துறையோட ஆன்லைன் சேவையில அ-பதிவேடு யார் வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம், சர்வே நம்பர் போட்டா புறம்போக்கா இல்லையான்னு சொல்லிடும், வாய்க்கால், ஓடை, குளம்னு எழுதியிருக்கும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலர் கிட்ட ஊர் வரைபடம் கேளுங்க, அதுல கோயில் குளத்துக்கு வர்ற வாய்க்கால் எந்தெந்த சர்வே நம்பர் வழியா வருதுன்னு பென்சில்ல குறிச்சுனு, ஊர்ல வயசானவங்க ரெண்டு பேர கூட்டினு அந்த வழியாவே நடந்து பாருங்க, எங்க கல்வெர்ட் அடைஞ்சிருக்கு, எங்க வீடு வந்துடுச்சு, எங்க ரோட்ட ஒசத்தி தண்ணிய மறிச்சிருக்காங்கன்னு போட்டோ எடுங்க. கிராம சபையில பொதுவா "ஏரிய காப்பாத்தணும்"னு பேசினா தீர்மான நோட்டுல எழுதிட்டு போயிடுவாங்க, சர்வே நம்பரோட குடுத்தா பதில் சொல்லியே ஆவணும். ஐப்பசிக்கு முன்னாடி குடுக்கணும், மழை வந்தப்புறம் குடுத்தா எல்லாரும் மோட்டார் தேடி ஓடினு இருப்பாங்க.